இருட்டுக்கு ஒரு துணைக்குழு

இன்னும் கால் மணி நேரம் அந்தத் தட்டுகள் இந்த வெளிச்சத்தில் கிடந்தால் ஆறு வாரத்து வேலை போச்சு. போய் மூடிவிடு, கிருபா. நாலு எட்டுதான். கையிலிருக்கும் பன்னீர்ச் செம்பை எங்கேயாவது வைத்துவிட்டுப் போய் மூடிவிடு. யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? சொல்வார்கள். பன்னீர்ச் செம்பை ஏன் கீழே வைத்தாய் என்று கேட்பார்கள்.

கிருபாவதி பன்னீர்ச் செம்பைக் கீழே வைக்கவில்லை.

மலையடிவார உயிரியல் ஆய்வு மையத்தில் டி.என்.ஏ.வைப் பற்றித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஞானதுரையின் மகள். பெங்களூரில் ஏழு வருஷம் இருந்து, உயிரணு தன் டி.என்.ஏ.வை எப்படி நகலெடுக்கிறது, அதில் அடிபட்டால் எப்படிச் செப்பனிட்டுக்கொள்கிறது என்பதை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். மையத்தில் வேறு டாக்டர்களும் இருந்தார்கள். டைரக்டர் சங்கரலிங்கமே ஒரு டாக்டர்தான். எந்தப் பாடத்தில் என்று யாரும் கேட்டதில்லை. பித்தளைப் பலகையில் பொறித்திருந்ததால் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் விஞ்ஞானிகளில் பெண் அவள் ஒருத்தி. அதனால் முக்கியஸ்தர் வருகிற நாளெல்லாம் பன்னீர்ச் செம்பு அவள் கைக்கு வந்துவிடும். ஆறு வருஷத்தில் பதினொரு முக்கியஸ்தர்கள் மேல் அவள் பன்னீர் தெளித்திருந்தாள். மணிக்கட்டை எந்த அளவுக்குச் சுண்டினால் மூக்குக்கண்ணாடியில் படாது என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். மையத்தில் துல்லியமாக நடந்த வேலைகளில் அதுவும் ஒன்று.

அனுமந்தன்பட்டியைத் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில், நாலு தூண் வைத்த முகப்போடு மையம் நின்றது. முகப்பில் மூன்றடுக்கு நீரூற்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் கிடையாது. நீரூற்றிலிருந்து வாளியில் மொண்டுவந்து காய்ச்சி வடித்துத்தான் அவள் வேலை செய்தாள். ஆண்டறிக்கை வருஷா வருஷம் தவறாமல் வெளிவந்தது. சென்ற வருஷத்து அறிக்கையை எடுத்து, வருஷத்தை மட்டும் மாற்றி டைப் அடிப்பார்கள். 'மூலிகைத் தோட்டம் அமைக்கப்பட்டு வருகிறது' என்ற வரி ஐந்தாவது முறையாக இப்போது வந்திருந்தது. அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தக் கொட்டகை கட்டி நாலு வருஷமாகிறது. லட்சக்கணக்கான எழுத்துகளைப் படியெடுத்து ஒன்றைக்கூடத் தப்பவிடாத, விட்டாலும் தானே பார்த்து வெட்டித் திருத்திக்கொள்ளும் பாக்டீரியாவுக்கு டைரக்டர் கிடையாது, கமிட்டி கிடையாது, முத்திரை கிடையாது என்று கிருபாவதி அடிக்கடி நினைப்பாள். நினைப்பாளே தவிர, சொன்னதில்லை. சொல்லாமல் நினைப்பதில் அவளுக்கு ஒரு சுகம் வந்திருந்தது. அதைத் தன்மானம் என்று எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

ஆயுத பூஜை வந்தால் எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் உண்டு. வண்டிச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது வழக்கமல்லவா? கரைசலைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜுக்குச் சக்கரம் உள்ளே இருப்பதால் எலுமிச்சம்பழத்தை உள்ளே வைத்து ஓட்டினார்கள். அன்றிலிருந்து அது ஆடிக்கொண்டே சுற்றுகிறது.

அவளுடைய வேலை நிரந்தரமில்லை. எண்பத்தொன்பது நாளுக்கு ஒரு உத்தரவு. பிறகு ஒரு நாள் இடைவெளி. மறுபடி எண்பத்தொன்பது நாள். அந்த ஒரு நாளில் அவள் மையத்தின் ஊழியர் அல்ல. பாக்டீரியாவுக்கு அது தெரியாதாகையால் அன்றும் அவள் வந்துதான் ஆகவேண்டும். காவலாளி அவளைப் பார்வையாளர் புத்தகத்தில் எழுதச் சொல்வார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் அவள் 'நாற்பத்தொன்று' என்று எழுதுவாள்.

நாற்பத்தொன்று என்பது ஒரு பாக்டீரியா. மூன்று வருஷம் சலித்துச் சலித்து அவள் பிடித்தது. புற ஊதாக் கதிரில் காட்டினால் எந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் அடிபடும். மற்றவை இருட்டில் வைத்தாலும் மெல்ல மெல்லத் தம்மைச் சரிசெய்துகொள்ளும். நாற்பத்தொன்றுக்கு அது தெரியாது. இருட்டில் வைத்தால் செத்துப்போகும். அதற்கு என்ன இல்லாமல் போயிற்று என்று கண்டுபிடித்தால், மற்றவை எதை வைத்துப் பிழைக்கின்றன என்பது தெரிந்துபோகும். இன்னும் இரண்டு வருஷம் வேண்டும். இருக்கிற குளிர்பெட்டியும் இருட்டறையும் கையில் இருக்கவேண்டும், ஒரு நிரந்தர உத்தரவு வேண்டும். அதற்கு மேல் அவள் எதற்கும் ஆசைப்படவில்லை.

ஆறு வாரங்களுக்கு முன் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, உன் ஆராய்ச்சியில வட்டாரப் பயன் என்ன? மேலிடத்துல கேக்குறாக."

"டி.என்.ஏ. எல்லா வட்டாரத்துலயும் ஒண்ணுதான் சார்."

"அப்படிச் சொல்லக்கூடாது. கம்பம்னா திராட்சை. ரெண்டு சொட்டுத் திராட்சைச் சாறு விட்டுப் பாரு. என்ன கெட்டுப்போச்சு?"

ஒன்றும் கெட்டுப்போகாதுதான். அவள் விட்டாள். பாக்டீரியா வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் பாதியில் நாற்பத்தொன்றும் திராட்சைச் சாறும், பாதித் தட்டுகளில் நாற்பத்தொன்று மட்டும். இருட்டில் வைத்துப் பார்த்ததில் இரண்டிலும் ஒன்றுமே முளைக்கவில்லை. 'பயனில்லை' என்று எழுதிக்கொடுத்தாள். அந்தத் தாளின் மேல் டைரக்டர் 'முன்னேற்றம் திருப்திகரம்' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

இன்று பன்னிரண்டாவது முக்கியஸ்தர் வருகிறார். சென்னையிலிருந்து துறைச் செயலாளர். கடைசி முறையாகச் செய்துகொண்டிருந்த சோதனையில், கதிர் காட்டி முடித்த கையோடு, சாறு விட்ட தட்டுகளை மட்டும் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பார்வைக்கு. கிருபாவதி ஓடிப்போய் அவற்றின் மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மூடினாள். டைரக்டர் வந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு இந்தக் கறுப்புத் துணியைப் போட்டது?"

"நான்தான் சார். வெளிச்சம் படக்கூடாது."

"செயலாளர் வர்றாக, பின்னாடியே கட்சிக்காரக வர்றாக. நுழையுற எடத்துல கறுப்புத் துணி கெடந்தா என்ன அர்த்தம்? கறுப்புக்கொடி காட்டுறோம்னு அர்த்தம்! என்னைய லோயர் கேம்புக்கு அந்தப் பக்கம் மாத்தப் பாக்குறியா?"

"லோயர் கேம்புக்கு அந்தப் பக்கம் கேரளா சார்."

"அதத்தான் சொல்றேன்!"

கறுப்புத் துணி போயிற்று. அந்த இடத்தில் தேனி ஸ்டுடியோக்காரர் இரண்டு பெரிய விளக்குகளை நிறுத்தினார். முகம் பளிச்சென்று விழவேண்டும் என்று ஒன்பது மணிக்கே இரண்டையும் எரியவிட்டுப் பார்த்தார். பத்து மணிக்கு வரவேண்டிய செயலாளர் சுருளி அருவியில் குளித்துவிட்டு ஒரு மணிக்கு வந்தார். நாலு மணி நேரம் அந்த வெளிச்சம் தட்டுகளின் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது. நாலு மணி நேரம் கிருபாவதி நாலு எட்டுத் தூரத்தில் பன்னீர்ச் செம்போடு நின்றாள்.

"டாக்டரம்மா, கால் கடுக்குமே, செத்த உக்காருங்க" என்றார் அட்டெண்டர் மொக்கைச்சாமி.

"உக்காந்தா சேலை கசங்கிரும்னு சொல்லிருக்காக."

"யாரு சொன்னா?"

"சர்க்குலர்ல போட்டிருக்கு."

டைரக்டர் பேசினார். "நான் விஞ்ஞானி அல்ல. அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். விஞ்ஞானிகளுக்குத் தெரிவதெல்லாம் விஞ்ஞானம் மட்டும்தான். இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு தவறுகூட நிகழவில்லை என்றால், அதற்குக் காரணம் நாங்கள் எதையும் அவசரப்பட்டுச் செய்யாததுதான்." கைதட்டினார்கள்.

செயலாளர் தட்டுகளைக் குனிந்து பார்த்தார். "இதுல எதுங்க டி.என்.ஏ.?"

"அது கண்ணுக்குத் தெரியாது சார்" என்றாள் கிருபாவதி.

"தெரியாததைப் பாக்கவா இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க?" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைய நாளில் யாரோ ஒருவர் கேட்ட உருப்படியான கேள்வி அதுதான்.

இரண்டு நாள் கழித்து மொக்கைச்சாமி ஓடிவந்தார்.

"டாக்டரம்மா, கூடத்துல வச்ச தட்டுல பூராம் முளைச்சுக் கெடக்கு! வேர்க்குரு கணக்கா!"

கிருபாவதி போய்ப் பார்த்தாள். எதிர்பார்த்ததுதான். கதிர் பட்டால் டி.என்.ஏ.யில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாதாரண வெளிச்சம் பட்டால், பாக்டீரியாவுக்குள்ளேயே இருக்கும் ஒரு புரதம் அந்த வெளிச்சத்தின் பலத்தில் ஒட்டிக்கொண்டதைப் பிரித்துவிடும். இருட்டில் பிழைக்கத் தெரியாத நாற்பத்தொன்றுகூட வெளிச்சத்தில் பிழைத்துக்கொள்ளும். உலகம் இதைத் தெரிந்துகொண்டு முப்பது வருஷமாகிறது. அலமாரிக்குள் இருட்டில் இருந்த சாறில்லாத தட்டுகள் வெறுமையாகவே இருந்தன. அவள் தட்டுகளைக் கழுவப் போட எடுத்தாள். அதற்குள் டைரக்டர் வந்துவிட்டார்.

அவர் முளைத்த தட்டைப் பார்த்தார். அதன்மேல் ஒட்டியிருந்த 'திராட்சை' என்ற சீட்டைப் பார்த்தார். வெறும் தட்டைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் இரண்டு பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இங்கன செத்தது, இங்கன எந்திரிச்சிருச்சு" என்றார் மெதுவாக.

"சார், அது வெளிச்சத்தால..."

"திராட்சை!" என்றார் டைரக்டர்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் வந்தது: 'கதிர் பட்டுச் செத்த உயிருக்கு உயிர் கொடுக்கும் கம்பம் திராட்சை. உள்ளூர் விஞ்ஞானியின் சாதனை.' படத்தில் டைரக்டர் இருந்தார். முகம் பளிச்சென்று விழுந்திருந்தது.

கிருபாவதி அவளுக்குத் தெரிந்த வழியில் பதில் சொன்னாள். மறுபடி செய்தாள். சாறு விட்டு இருட்டில் வைத்தாள், முளைக்கவில்லை. சாறு விடாமல் வெளிச்சத்தில் வைத்தாள், மொய்த்துக்கொண்டு முளைத்தது. ஐந்து முறை. மொத்தத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். டைரக்டர் படித்தார்.

"இருட்டுல வச்சா வேலை செய்யலைங்கிற."

"எங்கயும் வேலை செய்யலை சார். வெளிச்சந்தான்..."

"யாரும்மா இருட்டுல உக்காந்து திராட்சை திங்கப் போறாக?"

 முட்டாள்தனத்தின் முன்னால் தான் திகைத்துப்போய் நிற்பதை அவள் உள்ளுக்குள் கவனித்தாள். எதிரே இருப்பது அறியாமை என்றால் விளக்கிவிடலாம். இது அறியாமை அல்ல. அறிவதற்கு நேரமில்லாத ஒரு சுறுசுறுப்பு.

இருந்தாலும் தாள் என்று ஒன்று வந்துவிட்டதால், அதற்கு ஒரு கமிட்டி போடவேண்டியதாயிற்று. 'இருட்டுச் சோதனை ஆய்வுத் துணைக்குழு' என்று பெயர். ஓய்வுபெற்ற வேளாண்மை அதிகாரி ஒருவர், ஒரு கல்லூரியின் தத்துவப் பேராசிரியர், மையத்தின் கட்டடத்தைக் கட்டிய எஞ்சினியர். மூவரும் இருட்டறையின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மிக்சரும் காபியும் வந்தன.

"தொடங்கலாம்" என்றார் வேளாண்மை அதிகாரி. கிருபாவதி அவர்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தாள்.

"ஏம்மா, ஒண்ணும் தெரியலையே" என்று எஞ்சினியரின் குரல் வந்தது.

"இது இருட்டுச் சோதனை சார்."

"அது சரி. நாங்க பாத்துச் சான்று கொடுக்கணும்ல? பாக்காம எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"மங்கலா ஒரு சிவப்பு பல்ப் போட்டுக்கலாம் சார். அந்த வெளிச்சம் இதைப் பாதிக்காது."

 எஞ்சினியர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சிவப்பு லைட்டு எரியுற ரூமுக்குள்ள மூணு ஆம்பளைக ஒரு பொம்பளையோட கதவைச் சாத்திக்கிட்டு இருந்தாகன்னு நாளைக்கு உத்தமபாளையம் பூராம் பேசுவாக. எனக்கு ரெண்டு பொண்ணு கட்டிக்கொடுக்க இருக்கு."

"மேலும், இருட்டு என்பது ஒரு பொருள் அல்ல. ஒளியின் இன்மை" என்றார் தத்துவப் பேராசிரியர். "இல்லாத ஒன்றில் வைத்து ஒரு பொருளைச் சோதிப்பது எங்ஙனம்?"

குழாய் விளக்குகள் இரண்டையும் போட்டு, கதவைத் திறந்துவைத்து, இருட்டுச் சோதனையைக் குழு இரண்டு மணி நேரம் நேரில் பார்வையிட்டது. மிக்சர் இரண்டாம் முறை வந்தது. இரண்டு நாள் கழித்து எல்லாத் தட்டுகளிலும் நாற்பத்தொன்று மொய்த்துக் கிடந்தது. சாறு விட்டதிலும், விடாததிலும்.

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. 'விஞ்ஞானி தனியாகச் செய்தபோது வளராத உயிர்கள், குழுவின் முன்னிலையில் செய்தபோது வளர்ந்துள்ளன. ஆகவே முந்தைய தோல்விக்கு மேற்பார்வைக் குறைவே காரணம் என்று குழு கருதுகிறது. திராட்சைச் சாறு விடாத தட்டுகளிலும் வளர்ச்சி காணப்படுவது குறித்துக் குழு ஆழ்ந்து யோசித்தது. அத்தட்டுகளில் பயன்படுத்திய நீர் இப்பள்ளத்தாக்கின் நீராகும். திராட்சைக்கும் அதே நீர்தான் பாய்கிறது. ஆகவே நம் நீருக்கும் இந்த ஆற்றல் உண்டு என்பதைக் குழு மகிழ்ச்சியுடன் கண்டறிந்துள்ளது.'

"தண்ணிக்குமா?" என்றார் மொக்கைச்சாமி. "அப்ப எங்க வீதியில வாரத்துக்கு ஒரு சாவு விழுகுதே, அவுகள்லாம் எந்தத் தண்ணியக் குடிச்சாகளாம்?"

கிருபாவதி சிரித்துவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இது போதும் என்று தோன்றியது. இப்படிச் சிரித்துவிட்டு உள்ளே போய் நாற்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் வெளியே மேடை போட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். முட்டாள்களை மனதுக்குள் இகழ்ந்துகொண்டே அவர்களுடைய குளிர்பெட்டியை உபயோகித்துக்கொள்வது ஒரு மாதிரியான நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

அடுத்த திங்கட்கிழமை ஒருவர் அவளைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் ஒரு கூடைத் திராட்சை.

"டாக்டரம்மா, நான் அனுமந்தம்பட்டி முத்துவீரன். ஒங்க காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கது நம்ம பந்தல்தான். ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"எம் பொண்டாட்டி சோணையம்மாளுக்கு கழுத்துல கட்டி. மதுரையில கரண்டு வைக்கிறாக, கதிர் காட்டிக் கட்டிய எரிக்கிற வைத்தியம். முப்பது தடவை வைக்கணும்னாக. பன்னெண்டு ஆச்சு. வச்ச எடமெல்லாம் கருகிப்போயி, எச்சி முழுங்க மாட்டேங்குறா. இனிமே வர மாட்டேன்னு அழுகுறா. பேப்பர்ல போட்டிருந்தாகள்ல, கதிர் பட்டுச் செத்ததை நம்ம திராட்சை எழுப்பிருதுன்னு. அதான், மிச்சக் கரண்ட நிப்பாட்டிட்டு, சாறு புழிஞ்சு குடுத்துப் பாக்கலாமான்னு..."

"நிப்பாட்டாதீக" என்றாள் கிருபாவதி. தன் குரல் அவ்வளவு உரக்க வந்ததில் அவளே திடுக்கிட்டாள். "மிச்சம் பதினெட்டும் வச்சே ஆகணும். பாதியில விட்டா கட்டி மறுபடி வளரும். முழுங்க முடியலைன்னா அங்கன டாக்டர்ட்டச் சொல்லுங்க, மருந்து குடுப்பாக."

"அப்ப திராட்சை?"

"திராட்சை ஒண்ணும் செய்யாது. பேப்பர்ல போட்டது தப்பு."

முத்துவீரன் அவளைப் பார்த்தார். "தப்பா? டைரக்டரய்யா பந்தலுக்கே வந்து மைக்கு வச்சுப் பேசிட்டுப் போனாகளே?"

"தப்புத்தான்."

"ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏந்தாயி பேசாம இருந்தீக?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போலத்தான் கேட்டார். கிருபாவதியிடம் ஐந்து முறை செய்த சோதனை இருந்தது, அதை எழுதிய தாள் இருந்தது, அதைக் கொடுத்த தேதி இருந்தது. அதெல்லாம் அவருக்குச் சொல்லத் தக்க பதிலாக இல்லை. அவள் தாளைக் கொடுத்தது சங்கரலிங்கத்திடம். கழுத்து கருகிக் கிடப்பது சோணையம்மாளுக்கு.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.

"சரி விடுங்க. நாளைக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் எழுந்தார். "இத வச்சுக்கங்க. மருந்து இல்லாட்டிப் போகுது. நல்லா இனிப்பா இருக்கும்."

அன்று சாயங்காலம் வரை அவளுக்கு வேலை ஓடவில்லை. கூடையைத் தொடவும் இல்லை. ஆறு வருஷமாகத் தான் இகழ்ந்தது அவர்களை மட்டும்தானா என்று யோசித்தாள். வாயைத் திறக்காத இகழ்ச்சி யாருக்கு எதைத் தடுத்தது? மணிக்கட்டைச் சரியான அளவில் சுண்டத் தெரிந்துவைத்திருந்தாள். தன்மானம் என்று இத்தனை நாள் அவள் வளர்த்துவந்ததை எடுத்துப் பார்த்தபோது, அது பயத்தின் முகஜாடையில் இருந்தது.

வியாழக்கிழமை டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜைமேல் இரண்டு தாள்கள் இருந்தன.

"வாங்க, உக்காருங்க" என்றார். சாதாரணமாக அவர் அவளை 'நீ' என்பார். 'நீங்க' என்று தொடங்கினால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம்.

"இத மொதல்ல பாருங்க."

அது நிரந்தர நியமன உத்தரவு. டாக்டர் ஞா. கிருபாவதி, முதுநிலை விஞ்ஞானி. டைப் அடித்து, முத்திரை போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். தண்ணீர்க் குழாயும் போட்டுத் தருவதாக இரண்டாம் பத்தியில் இருந்தது. குழாய் என்ற சொல்லில் அவள் கண் சற்று நின்றது.

"ஆறு வருஷமா ஒங்களுக்கு அநியாயம் நடந்துபோச்சு. எம் மக மாதிரி நீங்க. இனிமே இந்த எண்பத்தொம்பது நாள் கூத்தெல்லாம் கெடையாது. இப்ப இத."

இரண்டாவது தாள் ஒரு கட்டுரையின் முகப்பு. 'கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை மற்றும் நீரின் டி.என்.ஏ. செப்பனிடும் ஆற்றல்.' ஆசிரியர்கள்: டைரக்டர், துணைக்குழுவின் மூவர், கடைசியில் அவள். அதனடியில் ஒரு வரி: 'மேற்கண்ட முடிவுகள் அனைத்தும் என் ஆய்வுக்கூடத்தில் என்னால் உறுதிசெய்யப்பட்டவை.' அதற்கு நேரே ஒரு கோடு.

"அடுத்த மாசம் மாநாடு. செயலாளர் திரும்பவும் வர்றாக. வெளிநாட்டுக்காரக ரெண்டு பேரு வர்றாக. நாங்க நாலு பேரும் போட்டாச்சு. ஆனா அவுக கேக்குறது ஒங்க கையெழுத்த. டி.என்.ஏ. படிச்சவுக நீங்கதானாம்." அவர் குரலில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. "என்னைய விட்டுட்டு ஒங்களக் கேக்குறாக. பரவாயில்ல. நான் பெருந்தன்மையா எடுத்துக்கிட்டேன்."

பேனாவைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இது நடக்கலையே சார்."

"நடந்துச்சு நடக்கலைங்கிறது வேற விசயம். ஒரு நிறுவனம்னா அது சொன்னது நடந்ததா இருக்கணும். நான் பந்தல் பந்தலாப் போயிச் சொல்லிட்டேன். இனிமே அது நடக்காமப் போனா, நான் பொய் சொன்னதால்ல ஆகும்?"

"ஆமா சார்."

டைரக்டர் அந்த 'ஆமா'வைத் தாண்டிச் சென்றார். "சரி, முழுக் கையெழுத்து வேணாம். இனிஷியல் மட்டும் போடுங்க."

"இனிஷியலும் நான்தானே சார்."

"ஒங்க நாப்பத்தொண்ண நெனச்சுப் பாத்தீகளா? நாளையோட எண்பத்தொம்பது நாள் முடியுது. அடுத்த உத்தரவு வரலைன்னா அந்தக் குளிர்பெட்டியில காபிப் பாலு வைக்கச் சொல்லிருவாக. நான் சொல்ல மாட்டேன். ஸ்டோர்ல சொல்லுவாக."

அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். மூன்று நாளாக அதை மட்டுமே நினைத்துப் பார்த்திருந்தாள். ஒரு பிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்துப் போனால் போடி வரை தாங்கும். அதற்கு மேல் அதை வைக்க அவளுக்கு இடமில்லை. பெங்களூருக்கு எழுதலாம், பதில் வர மாதமாகும். ஒருவேளை போய்விடும். மூன்று வருஷம் தேடியது, இனி கிடைக்காதது, போய்விடும். நெஞ்சு வலிக்கிறது என்பதை அவள் ஒரு சோதனையின் முடிவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியும் சார்."

"சரி, கையெழுத்தே வேணாம்மா. நான் எறங்கி வர்றேன். மேடைக்கு வந்து எம் பக்கத்துல சும்மா நில்லுங்க. பேச வேணாம். பாக்குறவுக பாத்துக்குவாக."

"நிக்க முடியாது சார்."

"அதுவும் வேணாமா? லீவு போட்டுருங்க. மாநாட்டுக்கே வராதீக. யாராவது வந்து இந்தத் திராட்சை சமாச்சாரம் நெசமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது, டைரக்டரக் கேளுங்கன்னு சொல்லிருங்க. அது போதும். அதுக்கே இந்த உத்தரவுல நான் கையெழுத்துப் போடுறேன். ஆறு வருஷமா இதானம்மா செஞ்சுக்கிட்டிருந்தீக? புதுசா ஒண்ணும் கேக்கலையே?"

அவர் சொன்னதில் அன்றைக்கு முழு உண்மையாக இருந்தது அது ஒன்றுதான். கிருபாவதி அதை மறுக்கவில்லை. நியமன உத்தரவை எடுத்து, கட்டுரையின் மேல் வைத்து, இரண்டையும் ஒன்றாக அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கேட்டா சொல்லுவேன் சார்" என்றாள்.